அகராதிக்குள் புகுந்த ஆடு

'ஸ்ட்ரே' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வழிதவறிப் போ' என்று பொருள் எழுதிவிட்டு, எடுத்துக்காட்டாக அகராதி ஆசிரியர் ஒரு வாக்கியம் போட்டார்: 'கணவன் வழிதவறிப் போனான்.' எழுதும்போது அவர் மனதில் ஒரு களங்கமும் இல்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் பிழை திருத்துபவர் அவர் மனைவி.

தாளோடு வந்து மேசை முன் நின்றாள்.

"எந்தப் புருஷன்?"

"சும்மா ஒரு உதாரணம்மா."

"எங்க போனான்?"

"எங்கயும் போகல. இது இலக்கணம். இந்தச் சொல் தன்வினையாத்தான் வரும், பிறவினையா வராது."

"அப்போ யாரும் அவனைக் கூட்டிட்டுப் போகல. அவனாத்தான் போயிருக்கான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது. பெயரடையாக வந்தால் தெருநாயையும் குறிக்கும் என்று பேச்சை மாற்றப் பார்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் ஒரே சொல்தானா? பொருத்தம்தான்."

"வேணும்னா மனைவின்னு மாத்திடட்டுமா?" கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உலகத்துல ஆடு மாடே இல்லையா?"

பக்கத்து மேசையில் கணினியில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தவன் அவள் தம்பி. இந்த இருவர் சண்டைக்கு நடுவே உட்கார்ந்து பழகியவன். "விடுங்க மாமா, கணவனை எடுத்துட்டு ஆடுன்னு போட்டுடறேன்" என்று பொத்தானை அழுத்தினான். அது எல்லா இடத்திலும் மாற்றும் பொத்தான். கோப்பைச் சேமித்தும் விட்டான்.

மத்தியானம் அடுத்த பக்கங்களைத் திருத்த உட்கார்ந்தவள், "ஏங்க, இங்க வாங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் பயந்துகொண்டே போனார்.

'அவளுடைய ஆடு வங்கியில் மேலாளராக இருக்கிறான்.' 'நல்ல ஆடு அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.' 'ஆடு இறந்த பிறகு அவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை.'

படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. காலையிலிருந்து உர்ரென்றிருந்த முகம் அது. அவரும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தம்பி திட்டு விழவில்லை என்ற தெம்பில் அகராதி முழுவதும் ஆடு தேடினான். ஏற்கனவே இருந்த நிஜ ஆடுகளையும் ஆடாகிப்போன கணவன்களையும் வினைமுற்றைப் பார்த்து மூவரும் பிரித்தார்கள்: 'போனான்' என்றால் கணவன், 'போனது' என்றால் ஆடு.

ஒரு வாக்கியத்தில் மட்டும் வேலை நின்றது. 'எவ்வளவு சொன்னாலும் ஆடு கேட்பதில்லை.'

"இது நீங்க எழுதுன ஆடா, இவன் மாத்துன ஆடா?"

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "ஞாபகம் இல்லையே. 'கேட்பதில்லை'ன்னு முடியுது. ரெண்டுக்கும் பொருந்தும்."

"பொருந்துதுல்ல" என்று சொல்லி, அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'சரி' குறி போட்டுவிட்டு அவள் அடுத்த தாளை எடுத்தாள்.