பின்மடிப்பில் வெள்ளை நூல்

கல்யாணம் இல்லாத நாளில் கில்ட் என்கிற மடிப்புக் கம்பளிப் பாவாடையை உடுத்துகிற ஆம்பளையை ஸ்காட்லாந்தின் மாலேக் ஊர் இரண்டே வகையாகத்தான் பார்க்கும். ஒன்று, அமெரிக்காவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவன். இல்லையென்றால் மறை கழன்றவன். லாக்லன் பிறந்ததே இந்தத் துறைமுகத்தில் என்பதால் முதல் வகையில் சேர வழியில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் மீன்கடை வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

"என்ன லாக்லன், இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கில்ல."

வாராவாரம் இதே கேள்வி, இதே பதில். கேட்டவன் சிரிப்பான், போய்விடுவான். அவர் நாலடி தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பு கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆயுசு முழுக்க அவர் படகுத்துறையில் கயிறு பிடித்தவர். ஸ்கை தீவிலிருந்து வரும் படகு கயிற்றை எறியும், இவர் பிடித்துக் கட்டுவார். அதில் பேச்சுக்கு வேலையில்லை. பேச்செல்லாம் அவர் மனைவி எஃபியின் இலாகா. வெள்ளிக்கிழமை பப்பில் ஜன்னலோர மேசையில் அவள் உட்கார்ந்தால் போதும், நாற்காலி பற்றாது. பாதிரியாரிலிருந்து படகு கேப்டன் வரை அவள் வாயில் விழாத ஆளில்லை. பக்கத்தில் லாக்லன் பீரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். தனக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மாசியில் எஃபி போய்ச் சேர்ந்தாள். சித்திரைக்குள் மேசை காலியாகிவிட்டது. யாருக்கும் அவர்மேல் கோபமில்லை. ஆனால் வாய் திறக்காத மனிதனோடு எவ்வளவு நேரம்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது? ஒவ்வொருவராக டிவி இருக்கும் பக்கம் நகர்ந்தார்கள். கடைசியாக நகர்ந்தவர் முர்டோ. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த முர்டோ.

கில்ட் தபாலில் வந்தது அதற்குப் பிறகுதான். எஃபி உயிரோடு இருந்தபோதே சொல்லாமல் கொள்ளாமல் ஃபோர்ட் வில்லியம் தையல்காரரிடம் பணம் கட்டிக் கையால் தைக்கச் சொல்லியிருக்கிறாள். "கல்யாணத்துக்குக் கல்யாணம் வாடகைக் கில்ட்லயே உன் ஆயுசு போயிடும் போல. உனக்குன்னு ஒண்ணு வாங்கி, வெள்ளிக்கிழமை பப்புக்கு மாப்பிள்ளையாட்டம் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்று எப்போதோ சொன்னதை அவர் விளையாட்டு என்று நினைத்திருந்தார். பெட்டியைத் திறந்து, கனமான அந்தக் கம்பளித் துணியை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அடுத்த வெள்ளிக்கிழமை உடுத்திக்கொண்டு கிளம்பினார். அவள் சொன்ன வாக்கை வேறு யார் காப்பாற்றுவது? இதைப் பார்த்தாவது யாராவது மேசைக்கு வந்து உட்கார மாட்டார்களா என்று ஒரு நப்பாசையும் இருந்தது. அந்த மேசையில் அவருக்கென்று இன்னும் இடம் இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இடம் தாராளமாகவே இருந்தது. ஆள்தான் வரவில்லை.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை. ரயில் வந்து சுற்றுலாக் கூட்டத்தைக் கொட்டியிருந்தது. துறைமுகச் சுவரருகில் ஒரு ஜெர்மன்காரப் பெண் அவரை நிறுத்தினாள். முன்னால் இருந்து ஒரு படம் எடுத்தாள். பிறகு திரும்பி நிற்கச் சொல்லி இன்னொன்று. அதை போனில் பெரிதாக்கிக் காட்டிக் கேட்டாள்.

"இந்த வெள்ளைக் கோடு எதுக்குங்க? உங்க ஊர் வழக்கமா?"

லாக்லன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பின்பக்க மடிப்புகளின் குறுக்கே, இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை, பல்லிளித்துக்கொண்டு ஓடியது வெள்ளை நூல். மடிப்பு கலையாமலிருக்கத் தையல்காரர் ஓட்டும் நூல் அது. புதுக் கில்ட்டை உடுத்துமுன் உருவிவிட வேண்டும். வாடகைக் கில்ட்டில் அது ஏது? இத்தனை வாரமும் அந்த நூலோடுதான் ஊரைச் சுற்றியிருக்கிறார்.

"ஆமாம்மா," என்றார். "எங்க குடும்பத்துல மட்டும் அப்படி."

அவள் நன்றி சொல்லிப் போனாள். அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. திரும்பி வீட்டுக்கே போய்விடலாமா என்று நின்றார். பிறகு பப்பை நோக்கி நடந்தார்.

உள்ளே கால்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லாக்லன் நேராக முர்டோவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"முர்டோ, என் முதுகுப் பக்கம் ஒரு நூல் இருக்கே. பாத்தியா?"

முர்டோ பீர் கோப்பையைப் பார்த்தார். கல்லாவிலிருந்த ஷோனா துடைத்த கண்ணாடி கிளாஸையே மறுபடி துடைத்தாள்.

"பாத்தேன்டா. முதல் வாரமே பாத்தோம்."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தோம். முதல்ல சும்மா சிரிச்சோம். அப்புறம்... வீட்டுல பாத்துச் சொல்லிடுவாங்கன்னு விட்டுட்டோம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது முர்டோவுக்கு உறைத்தது. காது வரை சிவந்துவிட்டார். கல்லா ஓரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். யாரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

லாக்லனுக்கு ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. ஓடவில்லை. திரும்பி, முதுகைக் காட்டி, இரண்டு கையையும் கல்லாமேல் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"சரி. நீயே பிடுங்கு."

முர்டோ முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி மண்டியிட்டார். ஷோனா கத்தரிக்கோலை நீட்டினாள். ஆயுசெல்லாம் வலை பின்னித் தடித்த விரல்களுக்குச் சின்ன முடிச்சு அகப்படவில்லை. ஒரு கையை லாக்லனின் இடுப்பில் ஊன்றிக்கொண்டு மற்றதால் தேடினார். அடக்கத்தன்று கை குலுக்கியதோடு சரி, அதற்குப் பிறகு லாக்லனை யாரும் தொட்டதில்லை. அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று அவருக்கு இருந்தது.

"முர்டோ, அப்படியே உள்ள என்ன போட்டிருக்கார்னு பாத்துச் சொல்லிடு!" என்று கோடியிலிருந்து ஒரு குரல்.

"அதை எஃபிகிட்ட கேட்டிருக்கணும்," என்றார் லாக்லன். "இப்ப லேட்டாயிடுச்சு."

பப்பே குலுங்கியது. முர்டோ சிரித்த சிரிப்பில் நூல் அறுந்து கையோடு வந்தது. அந்த இடத்தில் லாக்லன் சொன்னதற்கு நாலு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் எஃபி இல்லை, கேட்டிருந்தால் வாரமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

முர்டோ எழுந்து ஜன்னலோர மேசையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிவியில் கோல் விழுந்தது. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது, முர்டோவின் தலையும்தான்.

"அடுத்த வாரம் வருவேல்ல?" என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வருவேன்."

பீரை ஜன்னலோரம் தனியாகக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினார். மேட்டுச் சாலையில் ஏறும்போதுதான் கவனித்தார், கில்ட் இப்போது வேறு மாதிரி அசைந்தது. அடிக்கு அடி மடிப்புகள் விரிந்தன, சேர்ந்தன, முழங்காலின் பின்புறம் வந்து தட்டின. இப்படி ஆடத்தான் எஃபி இதைத் தைக்கச் சொல்லியிருப்பாள். அது எப்படி இருக்கிறதென்று பார்க்கக் கழுத்தைத் திருப்பினார். உடம்பும் திரும்ப, மடிப்புகளும் கூடவே திரும்பிப் பின்னால் போய் நின்றுகொண்டன. தன் முதுகு தனக்குத் தெரியாது.

பார்த்துச் சொல்ல யாராவது வருகிறார்களா என்று சாலையைக் கீழ்வரை பார்த்தார். யாரும் வரவில்லை.