சின்னவளின் பச்சை வட்டம்

கேக்கா அது? ஒரு பக்கம் சரிந்து, இன்னொரு பக்கம் தீய்ந்து, மேலே க்ரீமை யாரோ வழித்துத் துடைத்த மாதிரி. அதையும் வெட்கமில்லாமல் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள் சின்னவள். அம்மா அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, “என் தங்கம், தனியா நின்னு பண்ணியிருக்கா பாரேன்!” என்று பூரித்துப் போனாள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் பூசி, பூ வைத்து, பெயர் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. பதினோரு வருடம். ஒரு நாளைக்கு இருபது கேக், ஒன்றாவது கோணல் உண்டா? மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா தின்றுவிட்டு, “இனிப்பு கொஞ்சம் தூக்கல்” என்பாள். அதோடு சரி.

அம்மா இருப்பது பெரியவளோடு. மூட்டுக்குத் தைலம் தேய்ப்பது அவள், கண் ஆஸ்பத்திரி வரிசையில் கால்கடுக்க நிற்பது அவள். விமானம் ஏறிப் போய் ஆறு வருடமான சின்னவளோ, காலையில் ஒரு படத்தைத் தட்டிவிட்டால் போதும். காபி குடித்த கையோடு போனைத் திறந்து, சின்னவள் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் அம்மாவின் முதல் வேலை.

‘இங்கே ஒருத்தி மாடாய் உழைக்கிறேன், கண்ணுக்குத் தெரியலை. அங்கேயிருந்து ஒருத்தி பல்லைக் காட்டினால் போதுமாக்கும்!’

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெரியவள் அந்தப் போனை எடுத்தாள். சின்னவளின் வட்டத்தை அழுத்திப் பிடித்தாள். ‘மியூட்’ என்று வந்தது. ஒரே தட்டு. வட்டம் பட்டியலின் அடியில் போய் மறைந்துகொண்டது. போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது மனசு குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

அன்றைக்கே தான் செய்த மூன்றடுக்கு கேக்கைத் தன் ஸ்டேட்டஸில் போட்டாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. யார் யார் பார்த்தார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தாள். முதலாளி பார்த்தார். பழைய வீட்டுக்காரர் பார்த்தார். எப்போதோ குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூடப் பார்த்தார். அம்மா பார்க்கவில்லை.

நாலாம் நாள் அம்மா காபியை ஆறவிட்டாள். ஏழாம் நாள், “சின்னவளுக்கு எம்மேல ஏதும் கோபமாடி?” என்று கேட்டாள்.

“அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்மா” என்றாள் பெரியவள், முகத்தைக் காட்டாமல்.

பத்தாம் நாள் பேக்கரிக்கே போன் வந்தது. சின்னவள்தான்.

“அக்கா, அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே? அவங்களைக் கேட்டா மறைச்சுடுவாங்க, அதான் உன்னைக் கூப்பிட்டேன். பத்து நாளா வாய்ஸ் வரல.”

“என்ன வாய்ஸ்?”

“நீ வேலைக்குப் போனதும் பால்கனியில நின்னு பேசி அனுப்புவாங்களே! என் ஸ்டேட்டஸை மேலே தள்ளி, மைக்கை அழுத்திப் பேசிட்டு, விரலை எடுத்தா எனக்கு வந்துடும். நான் சொல்லிக் கொடுத்தது. வேற எதுவும் தெரியாது அவங்களுக்கு. நான் தினமும் படம் போடுறதே அதுக்குத்தான்.”

“அப்படி என்னதான் பேசுவாங்க?”

“என்னத்த? உன் புராணம்தான். நான் கேக் போட்டா, ‘உங்கக்கா பூ வச்சா வண்டு வந்து உட்காரும்’னு ஆரம்பிச்சுடுவாங்க. தைலம் தேய்ச்சுவிட அவளை விட்டா ஆள் கிடையாதாம். எனக்குன்னு ஒரு வார்த்தை? கேட்கக் கேட்க வயிறு எரியும்க்கா. ஆனா கேட்கலேன்னா சோறு இறங்க மாட்டேங்குது.”

எழுதிக்கொண்டிருந்த பெயர் கேக்கின் மேல் கோணிக்கொண்டு போயிற்று. ஆறு வருடப் பாராட்டு! அத்தனையும் அவளைப் பற்றி, ஒன்றுகூட அவள் காதுக்கு வராமல் சின்னவளிடம் போயிருக்கிறது. அதற்கும் முதலில் பொறாமைதான் வந்தது. பிறகுதான் தான் செய்த காரியம் நெஞ்சில் குத்தியது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா போனை நீட்டினாள். “இதைக் கொஞ்சம் பாரேன். சின்னவ வட்டத்தைக் காணோம். உன்னைத்தான் கேட்கணும்னு இருந்தேன், களைச்சு வர்றியேன்னு விட்டுட்டேன்.”

“என் ஸ்டேட்டஸைப் பார்த்தீங்களாம்மா?”

“உன்னையா? நீதான் எதிர்லயே நிக்கறியே, போன்ல எதுக்குப் பார்க்கணும்?”

பெரியவள் பட்டியலின் அடிக்குப் போய் ஒரு தட்டுத் தட்டினாள். வட்டம் மேலே வந்து நின்றது. அம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “உன் கை ராசியே ராசிடி! நீ இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேன்?”

பதினோரு வருடம் காத்திருந்த வார்த்தை. அதை இந்த முகத்தோடா வாங்குவது? அவள் வாயெடுப்பதற்குள் அம்மா படத்தைத் தள்ளி மைக்கை அழுத்திவிட்டாள்.

“சின்னவளே, நான்தான்டி. உன் வட்டம் காணாமப் போயிடுச்சு. உங்கக்காதான் கண்டுபிடிச்சுக் கொடுத்தா. அவளுக்கு இருக்கிற மனசு…”

“அம்மா,” என்றாள் பெரியவள், “அதை ஒளிச்சு வச்சதே நான்தாம்மா.”

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். விரல் மைக்கிலிருந்து நழுவியது. வாய்ஸ் சின்னவளிடம் போய்விட்டது.