வேரோடு ஒன்று

மரத்தின் கழுத்தைப் பிடித்து ஒரு இழுவை இழுத்துப் பார்த்தார் பாக்கியரத்தினம்.

"ஐயா, ஐயா! கோழியா அது, கழுத்தைத் திருக?" என்று ஓடி வந்தான் முனீப். கிண்ணியாக்காரன். மார்கழி பிறந்தால் உட்துறைமுக வீதியோரத்தில் பூங்கன்றுகளுக்கு நடுவே மலைநாட்டுச் சைப்பிரஸ் கன்றுகளையும் வாளிகளில் வைத்து விற்பவன். கிறிஸ்மஸ் மரத்துக்கென்று சனம் வாங்கிக்கொண்டு போகும்.

"வேர் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"இரிக்கி. நான்தான் சொல்றனே."

"நீ சொல்லுவாய். போன வருசம் ஒருத்தன் கொப்பை வெட்டி மண்ணில குத்தி வைச்சு, உசிருள்ள மரமெண்டு அயல்வீட்டுக்கு வித்தவன். தைப்பொங்கலுக்கு முதல் விறகாப் போச்சுது."

"அது ஆரோ ஒருத்தன். நான் வேற ஆள்."

"எல்லாரும் வேற ஆள்தான்."

துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டி வயது போன மனிதர் அவர். அடுத்தவன் போட்ட முடிச்சை அவிழ்த்துத் தன் கையால் திரும்பப் போட்டால்தான் நித்திரை வரும். எழுத்து வாசிப்பு மட்டு. எழுதித் தந்ததையும் நம்பமாட்டார், சொல்லித் தந்ததையும் நம்பமாட்டார்.

உயிருள்ள மரத்தை அவராகத் தேடி வந்ததில்லை. வருசா வருசம் இறக்கக்கண்டிக்குச் சைக்கிளில் போய், சிநேகிதனின் காணியில் ஒரு சவுக்கு நுனியை வெட்டி வந்து, மண் நிரப்பின தகரத்தில் நட்டுவிடுவார். மூன்று இராசாக்கள் திருநாளுக்குள் அது காய்ந்துவிடும். முறித்துக் குசினிக்குப் பின்னால் போட்டு எரித்தால் காரியம் சரி.

இந்த முறை பெண்சாதி புஸ்பராணி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இனி வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை, விரும்பினதைக் குடுங்கோ என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் சாப்பாடு எதையும் கேட்கவில்லை.

"இந்த முறை வெட்டிக்கொண்டு வராதேங்கோ. உசிரோட ஒண்டு கொண்டாங்கோ."

"ஏன், சவுக்குக்கு என்ன குறை?"

"படுத்துக்கிடந்துகொண்டு அது காயிறதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

"உசிருள்ளதைக் கொண்டந்தா, பண்டிகை முடிய அதை என்ன செய்யிறது?"

"தண்ணி ஊத்துங்கோவன்."

"ஆர், நானோ?"

"பின்னை ஆர்?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்தப் 'பின்னை ஆர்' அவருக்குப் பிடிக்கவில்லை. வெட்டின மரமென்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. கூட்டித் துடைத்துவிட்டு இருக்கலாம். உயிருள்ளது போகாது. அவள் போன பிறகும் மூலையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கு வேண்டும் அந்தத் துணை?

"நான் சவுக்குத்தான் வெட்டுவன்" என்று மகள் நிரோஜினியின் காதில் விழச் சொல்லிவிட்டு, கத்தியையும் எடுத்துக்கொண்டுதான் காலையில் இறங்கினார். இறக்கக்கண்டிப் பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிளை முனீப்பின் கன்றுகளடிக்கு உருட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

வந்தவர் சும்மா வாங்கிக்கொண்டு போனாரா? வாளியைச் சரித்தார்.

"ஐயா, வேணாம்! மண் கொட்டுண்டா கன்று தாங்காது!"

சட்டைப் பையில் போன் அடித்தது. அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை மண்ணுக்குள் இருந்தன.

"போன் அடிக்கிது, எடுங்களேன்."

"அடிக்கட்டும். மகள்தான். பாண் வாங்கிவரச் சொல்லுவாள்."

போன் அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. அவர் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மண்கட்டி இரண்டாகப் பிளந்து விழுந்தது. வேர் இருந்தது. தையல் நூல் போல வெள்ளை வெளேரென்று, ஒரு கொத்து. அதில் பாதி அவர் விரல்களுக்கிடையில் அறுந்து தொங்கியது.

"இப்ப சந்தோசமா?" என்றான் முனீப். "இரிந்த வேரையும் பிச்சாச்சு. ஒங்கட பொண்டாட்டி பிள்ளையாவது ஒங்கட வாயில நல்ல வார்த்த கேட்டிரிக்கா?"

"உன்ர வேலையைப் பார்" என்றார். ஆனாலும் மண்ணை அள்ளி வேரைச் சுற்றி மெதுவாக அமத்தினார். வாளியைக் கரியரில் வைத்து, முனீப் கட்டப் போன கயிற்றைப் பறித்துத் தானே கட்டினார். மரம் ஆடக் கூடாதென்று சைக்கிளில் ஏறி மிதிக்கவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தார்.

வீட்டுப் படலையடியில் செருப்புகள் கிடந்தன. அவர் வீட்டுக்கு அத்தனை செருப்பு வருவதில்லை. உள்ளே பக்கத்து வீட்டு ஜெயரூபியின் அழுகுரல் கேட்டது.

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சனம் விலகி வழிவிட்டது. புஸ்பராணியின் கண்ணை யாரோ மூடிவிட்டிருந்தார்கள். நெற்றியைத் தொடக் கையைக் கொண்டுபோனவர், கையெல்லாம் மண்ணாக இருந்ததைக் கண்டு இழுத்துக்கொண்டார். கிணற்றடிக்குப் போய் நகத்துக்குள் கிடந்த மண் போகும்வரை தேய்த்துக் கழுவினார். திரும்பி வர, அவளைக் குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் அறைக்கதவைச் சாத்தியிருந்தார்கள்.

நிரோஜினி கதவடியில் துவாயோடு நின்றாள்.

"எத்தினை தரம் அடிச்சனான் அப்பா."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"மரம் வந்திட்டுதோ எண்டு அம்மா கேட்டவ. வந்திட்டுது எண்டு சொன்னனான்."

"வேற?"

"வெட்டினதோ, உசிருள்ளதோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"உசிருள்ளது எண்டு."

"நான் கத்தியோட போனதை நீ பாத்தனியெல்லே?"

"பாத்தனான்" என்றாள் அவள். கதவு திறந்து ஒரு கை துவாயைக் கேட்டது. கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மரம் விறாந்தை மூலையில் நின்றது. செத்த வீட்டில் அந்த வருசம் மரமும் வைப்பதில்லை, நட்சத்திரக்கூடும் தூக்குவதில்லை. ஆனால் அதைத் தூக்கி வெளியே வைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. யாரோ ஒருத்தி பார்வைக்குச் சரியில்லையென்று வெள்ளைத்துணியால் மூடிவிட்டாள். செபமாலை நடுவில் பாக்கியரத்தினம் எழும்பிப் போய்த் துணியை இழுத்தெடுத்து மடித்து வைத்துவிட்டு வந்து இருந்தார். சனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது.

அடுத்த நாள் பின்னேரம் அடக்கம் முடிந்து திரும்பியதும், பெண்சாதியின் தம்பி தவராசா கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அத்தான், உந்த மரத்தை அக்காவின்ர தலைமாட்டில நட்டுவிட்டா என்ன? நிழலாவும் இருக்கும்."

"சேமக்காலைக்குள்ள மான் திரியுது. திண்டு போடும்."

"கம்பி வேலி அடிப்பம்."

"வேலியை ஆர் பாக்கிறது? நீயோ? நீ கடையைப் பூட்டினனானோ எண்டு பாக்க ரெண்டு தரம் திரும்பிப் போற ஆள்."

தவராசாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டான்.

தேத்தண்ணி கொண்டு வந்த ஜெயரூபி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமா, செத்த வீட்டில மரம் வைக்கிறேல்லை. எங்கட வீட்டில கொண்டுபோய் வைக்கட்டே? பண்டிகை முடியத் தாறன்."

"அது கிறிஸ்மஸ் மரமில்லை பிள்ளை. ஒரு சோடனையும் போடமாட்டன். வெறும் மரம். நிக்கட்டும்."

எட்டாம் நாள் பூசையும் முடிந்தது. கீழ்க்கொப்பு ஒன்று பழுப்பாகி இலை உதிரத் தொடங்கியது. நுனி மட்டும் பச்சையாகத்தான் இருந்தது. அது பிழைக்கிற பச்சையா, ஏமாற்றுகிற பச்சையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கிளறிப் பார்க்கக் கை துடித்தது. பார்க்கவில்லை.

இருபத்துநாலாம் திகதி காலமை நிரோஜினி பையைக் கட்டினாள். அவளுடைய பிள்ளை மன்னார் வீட்டில் மாமியோடு நின்றது.

"நீங்களும் வாங்கோ அப்பா. தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?"

"உதுக்கு ஆர் தண்ணி ஊத்திறது?"

"ஜெயரூபியக்கா ஊத்துவா."

"அவள் மறந்திடுவாள்."

"மறக்க மாட்டா."

"மறந்திடுவாள்."

நிரோஜினி மரத்தைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். பிறகு சோற்றுப் பானை எங்கே, பருப்புப் போத்தல் எங்கே என்று சொல்லத் தொடங்கினாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வரும்போது வெயில் ஏறிவிட்டது. தெருவில் புதுச்சட்டைப் பைகளோடு சனம் போனது. வீட்டுக்குள் வந்து குழாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. பண்டிகைக்கு முதல் நாள், தண்ணியை நிற்பாட்டிப்போட்டான்கள். கிணறு உவர், உடுப்புத் தோய்க்கத்தான் உதவும்.

மேசையில் நிரோஜினி காய்ச்சி ஆற்றி வைத்த தண்ணீர் ஒரு போத்தல் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் மூலையில் குந்தினார். பாதியை மெல்ல மெல்ல ஊற்றினார். மண் குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத்தைத் தான் குடித்தார்.