செந்நீர் இறங்கிய அருவி

கல்யாணமானதிலிருந்து தையல்காரி புருஷனிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை, மலைக்காட்டு அருவியில் ஒரு தடவை குளிக்க வேண்டும் என்பதுதான். லாரி ஓட்டுகிற புருஷன் காலையிலேயே மூக்கு முட்டக் குடித்திருந்தான். வழித்துணைக்கு அவளுடைய அண்ணனும் வந்தான். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். தங்கை வீங்கிய முகத்தோடு வரும்போதெல்லாம், "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்புகிறவன்.

அட்டை கடித்த கால்களோடு காட்டுப்பாதையைக் கடந்து பாறைக்கு வந்தார்கள். தண்ணீர் தலையில் தடதடவென்று விழுந்ததும் அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். எதிர்ப்பாறையில் யாரோ நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவனப் பாத்துடி பல்ல இளிக்கிற?"

அவள் திரும்புவதற்குள் புருஷன் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைப் பாறையில் மோதினான். முன்பல் ஒன்று தெறித்தது. வழிந்த ரத்தத்தைத் தண்ணீர் உடனுக்குடன் அலசிக்கொண்டு போயிற்று.

அதுவரை காதால் மட்டுமே கேட்டிருந்ததை அண்ணன் அன்றுதான் கண்ணால் பார்த்தான். பாய்ந்து வந்து அவன் விலாவில் குத்தினான். புருஷன் கைக்கு அகப்பட்ட கல்லால் அண்ணனின் காதைக் கிழித்தான். கட்டிப் புரண்டதில் அண்ணன் கை ஓங்கியது; பிடரியைப் பிடித்து அவனைத் தண்ணீருக்குள் அமுக்கினான். உதறிய கால்கள் மெல்ல ஓய்ந்துகொண்டே வந்தன.

"விடுண்ணே. செத்துரப் போறான்."

"சாகட்டும்."

"நீ ஜெயிலுக்குப் போனா அண்ணி யாரு வாசல்ல போய் நிப்பா? விடு."

அவள் அண்ணன் மணிக்கட்டைக் கடித்த பிறகுதான் பிடி தளர்ந்தது. புருஷன் இருமிக்கொண்டே தலையைத் தூக்கினான்.

அந்நேரம் மேலே காடே முறிகிற மாதிரி ஓர் இரைச்சல். செம்மண் நிறத்தில் வெள்ளம் மரக்கிளைகளோடு இறங்கியது. எதிர்ப்பாறைக்காரர்கள் கரையேறி ஓடினார்கள். அண்ணன் ஒரு வேரைப் பற்றிக்கொண்டு மறுகையால் அவளை இழுத்தான். வெள்ளம் அடித்துப்போகிற போக்கில் புருஷன் அவள் கணுக்காலை எட்டிப் பிடித்தான். பாரம் தாங்காமல் வேர் பிய்ந்து வரத் தொடங்கியது. அவள் மறுகாலால் அவன் முகத்தில் உதைத்தாள். மறுபடியும் உதைத்தாள். மூக்கெலும்பு நொறுங்கியது குதிகாலுக்குத் தெரிந்தது. கை விட்டுப்போயிற்று.

அவளும் அண்ணனும் கரையேறிக் கீழே வருவதற்குள் வனக்காவலர்கள் கயிறு போட்டுப் புருஷனை உயிரோடு எடுத்திருந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

"இவதான் சார் உதச்சா. கட்டின புருஷன உதச்சுத் தள்ளுனா."

காவலர் அவளைப் பார்த்தார். "உதச்சியாம்மா?"

"உதச்சேன்" என்றாள், பல் போன வாயால். "இவரு எங்கண்ணன். காதுல தையல் போடணும். ஜீப்புல மொதல்ல இவர ஏத்துங்க."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அண்ணன், "உன் தையல் மெஷின நாளைக்கு நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடறேன்" என்றான்.