டூ விட்ட வாக்கியம்

பூங்கோதை அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்காமல், அடித்துத் திருத்தாமல், தானாக வந்த வாக்கியம். 'மை ஹஸ்பண்ட் ஸ்டாப்டு டு டிரிங்க்.' என் வீட்டுக்காரர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நடுவில் வரவேண்டிய டூவைக்கூட மறக்காமல் போட்டிருந்தாள். அது உண்மையா என்பது வேறு விஷயம். ஆதிலட்சுமி மிஸ் கேட்டது 'ஸ்டாப்' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம். உண்மையான வாக்கியமாக இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

பாலக்கரையில் செருப்புக் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் நடந்த டுட்டோரியல் அது. பத்தாவதில் ஏதாவது ஒரு பாடம் காலை வாரிவிட்டவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வந்து உட்காருவார்கள். பூங்கோதைக்கு இங்கிலீஷ். மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டு அந்த ஒன்றில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றவள், பிறகு கல்யாணம், பிள்ளை, செராமிக் கம்பெனி என்று அதை மறந்தே போயிருந்தாள். டீச்சர் அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அதனால் டீச்சர் இவளை அக்கா என்பாள், இவள் டீச்சரை மிஸ்ஸு என்பாள். இரண்டு மரியாதைகளும் ஒன்றையொன்று உரசாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"இங்கிலீஷ்ல ரெண்டு வெர்ப் பக்கத்துல பக்கத்துல வந்தா சண்டை போட்டுக்கும்க்கா. நடுவுல ஒரு டூ விட்டுடணும்" என்றுதான் மிஸ் அந்தப் பாடத்தை ஆரம்பித்திருந்தாள். டிரைவர் வேலைக்குப் பத்தாவது பாஸ் கேட்கிறார்கள் என்று படிக்க வந்திருந்த செந்தமிழன், "டூ விட்டா அப்பறம் பேச்சே கெடையாதே மிஸ்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "இது சேத்து வைக்கிற டூ. 'போக', 'வர', 'சொல்ல'ன்னு தமிழ்ல வாயத் தொறந்தபடி முடியுற வார்த்தை வந்தாலே இங்கிலீஷ்ல டூ வரும்னு வச்சிக்குங்க" என்றாள் மிஸ். அது பூங்கோதைக்குப் பசக்கென்று ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு எடுக்கிற வேலை அவளுக்கு. பச்சை மண் கட்டையை இடது கையில் பிடித்து, ஓரத்தில் துருத்திக்கொண்டிருப்பதைத் தகட்டால் சுரண்டி, ஈரப் பஞ்சால் தடவிப் பலகையில் அடுக்க வேண்டும். கை அதைச் செய்ய, வாய் 'டு கோ, டு கம், டு சே' என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பாவம், இவளுக்குச் சாமி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வாய்க்கு முதலில் பழகிய முழு வாக்கியம் 'ஐ வாண்ட் டு கோ'. நான் போக விரும்புகிறேன். அடுத்தது 'ஐ டிசைடட் டு கோ'. போக முடிவு செய்துவிட்டேன். அந்த இரண்டிலும் அவளுக்கு ஒருநாளும் தப்பு வந்ததில்லை. ஏனென்றால் அவற்றை அவள் மனப்பாடம் செய்யவில்லை, மனதிலேயே வைத்திருந்தாள். பத்தாவது பாஸ் பண்ணினால் பிறந்த ஊரான நல்லூர்ப் பக்கம் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். கிடைத்தால் மகள் அன்பரசியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. சூளையில் வேலை பார்க்கும் புருஷன் கோதண்டபாணி இந்த ஊரிலேயே அதைக் கட்டிக்கொண்டு அழட்டும்.

ஆவணியில் அவளுடைய அப்பாவின் கருமாதிக்குப் போன இடத்தில்தான் அது நடந்தது. கோதண்டபாணி குடித்துவிட்டு வந்தது புதிதல்ல. ஆனால் அன்றைக்குப் பந்தலுக்குள் தள்ளாடிக்கொண்டு நுழைந்து, படையல் இலையின் மேலேயே விழுந்தான். இலையில் வைத்திருந்த சோறு அவன் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வந்து, ஊரே கேட்கும்படி, "ஒம் புருசன மாட்டுக் கொட்டாயில போட்டிருக்குது. போவும்போது மறக்காம ஓட்டிக்கிட்டுப் போ" என்றான். அப்பா செத்ததற்கு அழுததைவிட அந்த ஒரு சொல்லுக்கு அதிகமாக அழுதாள். ஓட்டிக்கிட்டுப் போ. அன்றிலிருந்து அவள் கோதண்டபாணியிடம் பேசவில்லை.

மறுநாள் அவன் இனிமேல் தொடமாட்டேன் என்றான். இதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறான். பழமலைநாதர் மேல் சத்தியமாக, பிள்ளை தலையில் அடித்து, கற்பூரத்தை ஏற்றி அணைத்து. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. இந்தத் தடவை நாற்றம் இல்லாமல்தான் வீட்டுக்கு வருகிறான் என்பது அவள் மூக்குக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சூளையில் வெந்து வந்த கட்டையைத் திரும்பக் கரைத்துப் பிசைய முடியுமா? "ஒங்கப்பாட்ட சோறு இருக்குதுன்னு சொல்லு" என்பாள் மகளிடம். அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான். அன்பரசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "எங்கம்மாவும் அப்பாவும் டூ. பழம் விடவே மாட்டாங்க" என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. ஆனாலும் பூங்கோதை போய் அவனிடம் பேசிவிடவில்லை.

ஆதிலட்சுமி மிஸ் நோட்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், இவளுடையதில் நின்றாள். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"என்னா சொல்ல வந்தீங்கக்கா?"

"எங்க வூட்டுக்காரர் குடிக்கறத நிறுத்திட்டாருன்னு மிஸ்ஸு. டூ போட்டிருக்கறன், பாருங்க."

"அந்த டூதான் சிக்கல். ஸ்டாப் கொஞ்சம் வில்லங்கம் புடிச்ச வார்த்தைக்கா. அதுக்குப் பின்னாடி டூ வந்தா 'எதுக்கு'ங்கற கேள்விக்குப் பதிலு. நின்னாரு. எதுக்கு நின்னாரு? குடிக்க." மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்க எழுதியிருக்கறதுக்கு, போய்க்கிட்டிருந்தவரு குடிக்கறதுக்காக நின்னுட்டாருன்னு அர்த்தம்."

தாழ்த்தி என்ன பிரயோஜனம்? பின்பெஞ்சிலிருந்து செந்தமிழன், "கடைசில மாமாவ கடை வாசல்லியே கொண்டாந்து நிறுத்திட்டீங்களேக்கா!" என்றான். தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும் என்பதால்.

"டூவ எடுத்துட்டு 'டிரிங்கிங்'னு போட்டா குடிக்கறத வுட்டுட்டாருன்னு ஆயிடும். அடிச்சிட்டு எழுதுங்கக்கா."

அவள் பேனாவை எடுத்தாள். அடிக்கக் கை வரவில்லை. மற்றவர்கள் அதைத் தப்பு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அவளுக்கோ கை தன்னை முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது. அவன் நிறுத்திவிட்டான் என்று அவள் ஒருநாளும் நம்பவில்லை. எங்கோ, என்றைக்கோ ஒரு வாசலில் நிற்கத்தான் போகிறான். 'டிரிங்கிங்' என்று எழுதிவிட்டால் நம்பிவிட்டதாக ஆகிவிடும். நம்பிவிட்டால் நல்லூருக்கு எப்படிப் போவது? நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாசி மகத்துக்குக் கொடி ஏறியிருந்ததால் கோயில் பக்கம் போகிற தெருவில் கடைகளும் கூட்டமுமாக நெரிந்தது. வழக்கமான வழியை விட்டு ஜங்ஷன் ரோடு வழியாக நடந்தாள். சூளை ஆட்கள் வேலை விட்டு வரும் நேரம். ஒயின்ஷாப் எதிரில் வந்தபோது அந்தச் சைக்கிளைப் பார்த்தாள். பின் சக்கர மட்கார்டில் அன்பரசி ஒட்டிய பூப்படம் பாதி கிழிந்து கிடக்கும், அதே சைக்கிள். அதைப் பிடித்துக்கொண்டு, கடையைப் பார்த்தபடி, கோதண்டபாணி நின்றுகொண்டிருந்தான்.

நின்னாரு. எதுக்கு நின்னாரு?

மீதியை எழுதப் பேனாவே தேவைப்படவில்லை. சொல்லக் கூசுகிற விஷயம், அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. நான் நினைத்தது சரிதான், இனி யோசிக்க ஒன்றுமில்லை என்கிற நிம்மதி. கரும்புச்சாறு வண்டியின் ஓரமாக ஒதுங்கி நின்றாள். உள்ளே போகட்டும், கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடலாம். பெண்ணாடம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று நடுவில் புகுந்து, காய்ந்த சோகை இலைகள் தரையில் உரச, மெல்ல ஊர்ந்தது. அது நகர்ந்தபோது அவன் உள்ளே போயிருப்பான் என்றுதான் எதிர்பார்த்தாள். அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் ஹேண்டில்பாரைக் கவனித்தாள். இரண்டு பக்கமும் ஒயர்கூடைகளும் சாப்பாட்டுப் பைகளும் தொங்கின. கூடவே வேலை செய்யும் நடராசன் வேகமாக வந்து, தன் பையையும் அதில் மாட்டி, அவன் தோளைத் தட்டிவிட்டுக் கடைக்குள் போனான். கோதண்டபாணி போகவில்லை. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலே ஊர் அதைக் கள் என்று சொல்லும். இவன் பாலும் குடிக்காமல், ஊரான் பைகளைச் சுமந்துகொண்டு பனைமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் ரோட்டைத் தாண்டினாள்.

"எதுக்கு நின்னீங்க?"

ஆவணிக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அவன் திடுக்கிட்டதில் சைக்கிள் சாய்ந்து, பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"அய்யோ, இல்ல பூங்கோத... சத்தியமா..."

"சத்தியம்லாம் வேணாம். எதுக்கு நின்னீங்க, அத்த சொல்லுங்க."

அவன் பைகளைப் பார்த்தான். "இவனுங்க குடுத்துட்டு உள்ள போவானுங்க. வர்ற வரைக்கும் வச்சிருப்பேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்." எச்சிலை விழுங்கிக்கொண்டான். "மொதல்ல வேற தெருவுல சுத்திக்கிட்டு வந்தேன். தொரத்திக்கிட்டே வந்துது. சோறு திங்கும்போதும் அதே நெனப்பு, படுத்தாலும் அதே நெனப்பு. அப்பறந்தான் ஒருநா இங்கியே நின்னு பாத்தேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போனா, வூடு வரைக்கும் வர மாட்டேங்குது."

"ஒருநா நிக்க முடியாமப் போயிட்டா?"

அவன் கடையைப் பார்த்தான். முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு சத்தியம் வரும், பிள்ளையின் தலை வரும், கற்பூரம் வரும்.

"தெரியல" என்றான்.

கல்யாணம் ஆனதிலிருந்து குடியைப் பற்றி அவன் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. இந்த ஒன்றை நம்பினாள். நம்பியது அவளுக்குப் பயமாக இருந்தது.

"பரீட்ச எப்ப?" என்று கேட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பங்குனில."

நல்லூர், பால்வாடி வேலை எல்லாம் அன்பரசி வழியாக அவன் காதுக்கு எப்போதோ போயிருக்க வேண்டும். தலையை ஆட்டினான். "நல்லா எழுது."

கடைக்குள்ளிருந்து யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். தெரிந்த பெண் ஒருத்தி அந்தப் பக்கமாகப் போனவள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒயின்ஷாப் வாசலில் நிற்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சைக்கிள் இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கத்துப் பாரம் அதிகம். பூங்கோதை அதிலிருந்து ஒரு ஒயர்கூடையைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டாள். உள்ளே காலிப் பாத்திரத்தில் ஸ்பூன் ஒன்று உருண்டு ஓய்ந்தது. அவனோடு சேர்ந்து அவளும் நின்றாள். கடையில் விளக்குப் போட்டார்கள்.