மூன்று பதிவேடுகள்

"ஒரே பக்கம் எப்படி அண்ணி மூணா இருக்கும்? கண்ணாடியை மாத்துங்க."

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவை திறந்தா எழுபத்தெட்டு வார்த்தை. மறுபடி திறந்தா எழுபத்தொண்ணு. மூணாவது தடவை காலி. நேத்து வரைக்கும் அந்த மூணாவதுல அறுபத்தஞ்சு இருந்துச்சு, தம்பி. ஒரு வாரமா எண்ணிட்டு வரேன்."

"ஒரு வாரமாவா? அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுவ. எந்த வியாதிக்கும் உன்கிட்ட ஒரே மாத்திரை."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அவள் பேச்சுப் பயிற்சியாளர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி எட்டு மாதங்களாக அவளிடம் வருகிறாள். நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். பயிற்சி அறையில் கட்டைகளை அடுக்கும்போதோ ஜன்னலில் சாயும்போதோ திடீரென்று ஒரு சொல் விழும். எதைப் பார்த்துச் சொன்னாள் என்பதைத் தேதியோடு அந்த நிமிடமே பதிந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு குழு கூடி, அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சிறுமி தன் பள்ளியிலேயே தொடரலாமா என்று முடிவு செய்யப்போகிறது.

பதிவேட்டை அமைத்துக் கொடுத்தவன் கணவனின் தம்பி. லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது அவன் தொழில். அலுவலகத்தில் பயிற்சிக்கென்று வைத்திருந்த மூன்று மெஷின்களில் அண்ணிக்கும் ஒரு மூலை ஒதுக்கியிருந்தான்.

"பெருமையா அதே பதிவேட்டை மூணு கன்டெய்னர்ல, மெஷினுக்கு ஒண்ணா ஓட விட்டேன். ஒண்ணு விழுந்தாலும் ரெண்டு நிக்கட்டும்னு."

"நல்லதுதானே?"

"சேமிக்கிற இடம் மூணுக்கும் பொதுவா இருக்கணும். அதை வைக்க மறந்துட்டேன். இப்ப மூணு பேர்கிட்ட மூணு நோட்டு. நீங்க தட்டும்போது எவன் கதவைத் திறந்தானோ அவன் எழுதிக்கிட்டான்."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப ஒருத்தன் எழுதினது இன்னொருத்தனுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"குழந்தை சொன்ன 'நிழல்' ஒருத்தன்கிட்ட. 'எனக்கு' இன்னொருத்தன்கிட்ட." அவள் யோசித்தாள். "இவ பேசவே மாட்டேங்கிறான்னு மூணு பேரும் தனித்தனியா நினைச்சிருப்பானுங்க."

இரண்டு நோட்டுகளையும் நகலெடுத்து வெளியே வைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது வெறுமையாக இருந்தது. அது பிறந்தே முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"மூணாவது மெஷின் காலையிலிருந்து பதில் சொல்லல. செத்துட்டான்னு முடிவு பண்ணி, மூணு மெஷினையும் சேர்த்து மேய்க்கிற க்ளஸ்டர் வேற மெஷின்ல புதுசா ஒருத்தனை உட்கார வச்சிருக்கு. வெறும் நோட்டோட."

"பழையவன்?"

"அங்கேயேதான் உயிரோட இருப்பான்னு நினைக்கிறேன். நெட்வொர்க் கேபிள் கழண்டிருக்கும்."

"அப்ப மாட்டிட வேண்டியதுதானே?"

"மாட்டினா வம்பு. உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு, நீ கிளம்புன்னு க்ளஸ்டர் அவனை அழிச்சிடும். நோட்டும் கூடவே போகும்."

"விசாரிக்கவே விசாரிக்காதா?"

"அதுக்கு எண்ணிக்கை மூணு இருந்தா போதும், அண்ணி. யார் என்ன வச்சிருக்கான்னு கேக்காது. கேபிள் இல்லாமலே அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்து நகலெடுக்கணும்."

சொல்லிக்கொண்டே அவன் மணியைப் பார்த்தான். பத்து ஐம்பத்து மூன்று. சர்வர் அறை இரண்டு தெரு தள்ளியிருந்தது. அங்கே பணியில் இருக்கும் பெண்ணை அலுவலகத்தில் எல்லோரும் மணிக்கூண்டு என்பார்கள். பதில் சொல்லாத மெஷினை ஒரு மணி நேரம் பார்ப்பாள். பிறகு கேபிள்களை இறுக்கி, பட்டனை அழுத்தி மறுபடி எழுப்புவாள். ஒரு நிமிடம் முந்தவும் மாட்டாள், பிந்தவும் மாட்டாள். அந்த மெஷின் பேச்சை நிறுத்தியது ஒன்பது ஐம்பத்தாறுக்கு.

அழைத்தான். வேறு அழைப்பில் இருந்தாள். மறுபடி அழைத்தான். மணி அடித்தது.

"நீங்க பேசுங்க அண்ணி. நான் சொன்னா, அந்த ஒரு மணி நேர விதிமுறையை எழுதினதே நீங்கதானேன்னு என்னையே கேப்பாங்க."

அவள் போனை வாங்கினாள். மறுமுனையில் மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ எடுத்து, காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், நாம பேசினதில்லை. அந்த மூணாவது மெஷினை இப்போதைக்கு எழுப்பாதீங்க. கேபிளையும் தொடாதீங்க. ஒரு குழந்தை சொன்ன அறுபத்தஞ்சு வார்த்தை அதுக்குள்ள இருக்கு. நாங்க ஓடி வந்துடறோம், அது வரைக்கும் அதை அப்படியே விட்டு வைங்க."