எதிர்க் கம்பெனிக்கு ஒரு போன்

சேரப்பணஞ்சேரியில் டிவி ஒழுங்காகத் தெரிய ஒரு வழி உண்டு. படம் புள்ளி புள்ளியாக வந்தால் நம் கேபிள்காரனைக் கூப்பிடக் கூடாது. "தோ வந்துகினே கீறேன்" என்று சொல்லிவிட்டு அவன் வராமலே இருப்பான். எதிர்க் கம்பெனிக்குப் போன் போட்டு, இவனை வெட்டிவிட்டு உங்களிடம் வந்துவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஊரில் உள்ள இரண்டே கம்பெனிகளில், சுடர் கேபிளுக்குச் சொன்னது அலை கேபிளின் காதுக்கு எப்படியோ எட்டிவிடும். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் வாசலில் நிற்பார்கள். ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தக் கூத்தாடி இங்கே வாடகை அறைக்காரர்கள்தான்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே முத்துச்செல்வி இந்த வித்தையைப் பழகிக்கொண்டாள். டிவி அவளுக்குப் பொழுதுபோக்கு அல்ல. மாடியில் ஒற்றை அறை, இடுப்பில் கைப்பிள்ளை, கணவன் நம்பிராஜனுக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட். குரூப் நாலு பரீட்சையில் தேறி ஒரு சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்துவிட்டால் இந்த நாலு சுவரை விட்டு வெளியே வந்துவிடலாம் என்பது அவள் கனவு. ஸ்ரீபெரும்புதூரில் கோச்சிங் சென்டர் இருந்தது. ஆனால் நம்பிராஜன், "பச்சப்பிள்ளைய தூக்கிட்டு பஸ்ல அலையாத செல்வி. டிவில பாத்துப் படிக்கதுன்னா படி" என்று சொல்லிவிட்டான். அவனைக் கொடுமைக்காரன் என்று சொல்ல நாக்கு வராது. அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொல்கிறவனை எதிர்த்துப் பேசவும் வழியில்லை, அதுதான் தொல்லை.

ஆகவே அலை கேபிளில் வந்த பாடச் சேனல்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். மதியம் பிள்ளை தூங்கியதும் ஒரு வழுக்கைத் தலைக் கணக்கு வாத்தியார் திரையில் வருவார். "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது சார்" என்று இவள் வாய்விட்டே பதில் சொல்வாள்.

பரீட்சை நெருங்கும் நேரம் பார்த்து வாத்தியார் அடிக்கடி உறைந்து நிற்க ஆரம்பித்தார். பாதிக் கணக்கில் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவார். முத்துச்செல்வி வழக்கம்போல சுடர் கேபிளுக்குப் போன் போட்டாள்.

"அலை கேபிள் எங்களுக்கு வேண்டாம்ங்க. இன்னைக்கே வெட்டிருங்க. நான் உங்ககிட்டயே வந்துருதேன்."

எப்போதும் உள்ளூர்க்காரன் ஒருவன் குழைவான். இந்தத் தடவை எங்கிருந்தோ ஒரு பெண், "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்றாள். ஆகா, எவ்வளவு மரியாதை என்று முத்துச்செல்வி பூரித்துப் போனாள்.

மறுநாள் டிவி அடியோடு இருண்டது. சுடர் கேபிளின் யாக்கோபு வந்தான். சட்டைப் பையில் ஏதோ புதுப் பெயர் தைத்திருந்தது. வந்ததும் வராததுமாக டிவியோடு இருந்த கேபிள் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தான்.

"அண்ணே, புதுப் பெட்டி எங்க?"

"புதுசா? இன்னாம்மா நீ! வெட்டச் சொன்னது நீதானே? பெட்டிய எடுத்தாரச் சொல்லி ஆர்டர் கீது."

"ஐயோ, அது அலைக்காரன உசுப்பிவிடச் சொன்னதுண்ணே!"

"இப்போ அலையும் இல்ல, சுடரும் இல்ல. ரெண்டையும் ஒரு பெரிய கம்பெனிக்காரன் வாங்கி ஒண்ணாக்கிட்டான். நீ அவன்கிட்டயே போன் பண்ணி, அவனையே வெட்டச் சொல்லிகீற."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "சரி, திரும்ப மாட்டிருங்க" என்று கெஞ்சினாள்.

"மாட்டலாம். ஆனா அந்தப் பாடச் சேனல் வராதும்மா. அத்த தூக்கிட்டானுங்க. இனிமே கம்பெனி ஆப்புலதான், போன்ல பாக்கணும். அதுவும் மதியம் அந்தப் பாட நேரத்துக்கு மட்டும்தான் ஓடும்."

அவளிடம் இருந்தது பட்டன் போன். நெட் வரும் போன் நம்பிராஜனுடையது. கேமரா போனைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பதால், பாடம் ஓடும் நேரமெல்லாம் அது கேட்டுக்குப் பக்கத்து லாக்கரில் பூட்டிக் கிடக்கும்.

"வேற கம்பெனி?"

"இந்தப் பக்கம் வேற ஏது? டிஷ் மாட்டலாம்னா வூட்டுக்காரம்மா மாடில ஓட்டை போட வுடாது" என்று சொல்லிவிட்டு, யாக்கோபு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

நம்பிராஜன் வந்ததும் அவள் அழுதுவிட்டாள். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் கழித்து ஷிப்ட் முடிந்து வரும்போதே வாயெல்லாம் பல்லாக வந்தான். பின்னால் யாக்கோபு, கையில் புதுப் பெட்டி.

"நீ அழுதது மனசே கேக்கலட்டி. எரநூறு சேனல்! ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் ரிமோட்டை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சீரியல், சமையல், மந்திரத் தகடு விற்கிறவர், புரியாத பாஷையில் யாரோ பாடுகிறார்கள். அவளுடைய வாத்தியாரை எங்கும் காணோம். இதுவரை வாயைத் திறந்து கேட்காததை அன்று கேட்டே விட்டாள்.

"இத வேண்டாம்னு திருப்பிக் குடுத்துருங்க. நான் சென்டருக்குப் போயிட்டு வாரேன்."

"ரெண்டு வருசத்துக்குத் திருப்ப முடியாதுட்டி, அதாம்லா சலுகையே!" என்று அவன் சிரித்தான். "இனிமே நீ எதுக்கு வெளிய போகணும்? எல்லாம் வீட்டுக்குள்ளயே வந்துட்டுல்லா."

ஹால் டிக்கெட் வந்தது. படிக்காமல் போய் எதற்கு அலைச்சல் என்றான் நம்பிராஜன். அவள் அதை மடித்து டிவிக்கு அடியில் வைத்தாள்.

பரீட்சை அன்று ஞாயிற்றுக்கிழமை. நியூஸ் சேனல் ஒன்றில் பரீட்சை எழுத வந்த கூட்டத்தைக் காட்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் எத்தனையோ பெண்கள், பல பேர் இடுப்பில் கைப்பிள்ளை. நம்பிராஜன் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "எம்மா, என்னா கூட்டம்! நல்லவேள நீ போகல" என்றான்.

திரையில் ஒரு பெண் பிள்ளையை யார் கையிலோ திணித்துவிட்டு, செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். அவள் கேட்டைத் தாண்டி உள்ளே மறையும்வரை முத்துச்செல்வி சேனலை மாற்றவில்லை.